ஆபீசுக்கு வரச்சொல்லி மெயில் வந்தால்

பக்கத்து சீட்காரரை வேலையை விட்டு அனுப்பிய அதே வாரத்தில் "இனி 5 நாளும் ஆபீஸ்" என்று மெயில் வந்தால் கடுப்பு வரத்தான் செய்யும். (அமேசான் 2025 ஜனவரியிலிருந்து அப்படித்தான் கேட்டது.) அந்தக் கோபத்தில் ராஜினாமா மட்டும் எழுதிவிடாதீர்கள், நீங்களாகப் போனால் பெரும்பாலும் இழப்பீடு கிடையாது, சில நிறுவனங்கள் எதிர்பார்ப்பதே அதைத்தான் என்பது என் சந்தேகம். முதலில் ஆஃபர் லெட்டரை எடுத்து, வேலை இடம் என்று என்ன போட்டிருக்கிறது, நோட்டீஸ் எத்தனை நாள் என்று பாருங்கள். அப்புறம் சம்பள ஸ்லிப், அப்ரைசல் கடிதம் எல்லாவற்றையும் சொந்தமாகச் சேமித்து வையுங்கள், ஏனென்றால் லேப்டாப் லாகின் ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். கம்பெனி கோப்புகளைத் தொடவே வேண்டாம். வீட்டிலிருந்தே வேலை செய்ய விலக்கு கேட்பதானால் மேனேஜரிடம் பேசிய கையோடு பேசியதை மெயிலிலும் போட்டுவிடுங்கள். புலம்பலை ஆபீஸ் சாட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள், நிர்வாகம் அதைப் படிக்க முடியும்.