காலேஜ் புக்ஸ்க்கு காசை கொட்டாம இருக்க சில வழி

சீட் கிடைச்சதும் கையில ஒரு புக் லிஸ்ட் வரும், அதை பாத்த உடனே எல்லாத்தையும் வாங்கிடணும்னு ஒரு பதட்டம் வரும் பாருங்க, பாதி காசு அங்கதான் போகுது. கிளாஸ் ஆரம்பிச்சு ஒரு வாரமாவது ஒண்ணும் வாங்காதீங்க. லிஸ்ட்ல டெக்ஸ்ட் புக்னு போட்டிருக்கறது வேற, ரெஃபரன்ஸ்னு போட்டிருக்கறது வேற. ரெஃபரன்ஸ் புக்ல பெரும்பாலும் ஒண்ணு ரெண்டு சாப்டர்தான் தேவைப்படும், அதுக்கு லைப்ரரி போதும்.

புரொஃபசர்கிட்ட நேரா கேட்டுடுங்க, "சார், ஹோம்வொர்க் இந்த புக்லேர்ந்துதான் குடுப்பீங்களா, பழைய எடிஷன் வச்சு சமாளிக்கலாமா"ன்னு. இதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. அதே கேள்விய போன வருஷம் அந்த பேப்பர் எழுதின சீனியர்கிட்டயும் கேளுங்க, அந்த புக்கை கடைசி வரைக்கும் யாராவது தொறந்தாங்களாங்கற உண்மை அங்கதான் வரும்.

நெஜமா காசு மிச்சமாகறது பழைய எடிஷன்லதான். கால்குலஸ், மெக்கானிக்ஸ் எல்லாம் மூணு வருஷத்துக்கு ஒருதரம் மாறற சமாச்சாரமா என்ன? புது எடிஷன்ல ரொம்ப மாறறது சாப்டர் கடைசில இருக்கற கணக்குங்கதான், 8வது எடிஷன்ல 24வது கணக்கா இருந்தது 9வதுல 31 ஆயிருக்கும், ஒண்ணு ரெண்டுல நம்பர மட்டும் மாத்தி வச்சிருப்பாங்க. அதனால பழசை வாங்கிட்டு, புதுசு வச்சிருக்கற ஃபிரெண்டுகிட்ட அந்த வாரத்து கணக்கு இருக்கற பக்கத்த மட்டும் பாத்து எழுதிக்கிட்டா வேலை முடிஞ்சது. ஆனா சட்டம், வரி, மருத்துவம் மாதிரி விஷயத்துல இதை பண்ணாதீங்க, அங்க பழசுங்கறது தப்பாவே இருக்கலாம்.

வாங்கறதுக்கு முன்னாடி ஐஎஸ்பிஎன், அதாவது அந்த புக்கோட அடையாள நம்பர பாருங்க, டைட்டில் பக்கத்துக்கு பின்னாடி காப்பிரைட் பக்கத்துல இருக்கும். ஒரே புக்தான், ஆனா ஹார்ட்கவருக்கு ஒரு நம்பர், பேப்பர்பேக்குக்கு ஒரு நம்பர், எடிஷன் மாறினா இன்னொரு நம்பர். 2007லேர்ந்து இது 13 இலக்கம், அதுக்கு முன்னாடி 10, அதனால உள்ள வெறும் 10 இலக்கம் மட்டும் இருந்தா அது ரொம்ப பழசுன்னு பாத்த உடனே தெரிஞ்சுடும். வெளிநாட்டுல விக்கறதுக்குன்னு போடற இன்டர்நேஷனல் எடிஷன் விலை கம்மியா இருக்கும், பாடம் கிட்டத்தட்ட அதேதான், கணக்கு மட்டும் சில சமயம் வேறயா இருக்கும்.

ஒரே ஒரு இடத்துல உஷாரா இருங்க, அது ஆன்லைன் ஆக்சஸ் கோடு, அதாவது புக்கோட வெப்சைட்டுக்குள்ள போறதுக்கு குடுக்கற ரகசிய நம்பர். ஹோம்வொர்க்கையே வெப்சைட்ல சப்மிட் பண்ணணும்னா செகண்ட் ஹேண்ட் புக்ல இருக்கற கோடு வேலைக்கு ஆகாது, பொதுவா ஒருதரம் போட்டா தீந்துச்சு. அந்த மாதிரி பேப்பர்னா கோடை மட்டும் தனியா விக்கறாங்களான்னு பாருங்க, பல தடவ அதுலயே இ-புக்கும் சேந்து வரும், அப்பறம் அச்சடிச்ச புக் எதுக்கு?

லைப்ரரில, வீட்டுக்கு எடுத்துட்டு போக முடியாம அங்கயே சில மணி நேரம் வச்சு படிக்கற மாதிரி டெக்ஸ்ட் புக் காப்பி தனியா வச்சிருப்பாங்க, கவுன்டர்ல கேட்டாதான் குடுப்பாங்க. எக்ஸாமுக்கு முந்தின நாள் போனா கிடைக்காது.

ஃப்ரீயா சட்டப்படியே கிடைக்கறதும் நிறைய இருக்கு. அமெரிக்காவுல இருக்கற ரைஸ் யுனிவர்சிட்டியோட ஓப்பன்ஸ்டாக்ஸ்ங்கற வெப்சைட்ல 2012லேர்ந்து பிசிக்ஸ், பயாலஜி, கால்குலஸ், எகனாமிக்ஸ்னு முழு டெக்ஸ்ட் புக்கையே பிடிஎஃப்பா குடுக்கறாங்க, முதல் வருஷ பாடத்துக்கு தாராளமா போதும். அமெரிக்காவோட எம்ஐடி யுனிவர்சிட்டி நடத்தற ஓப்பன்கோர்ஸ்வேர் வெப்சைட்ல லெக்சர் நோட்ஸ், பழைய எக்ஸாம் பேப்பர் கூட இருக்கு. இங்கிலீஷ் லிட்ரேச்சர்னா காப்பிரைட் முடிஞ்ச பழைய நாவல் எல்லாம் புராஜெக்ட் குட்டன்பர்க்ங்கற வெப்சைட்ல ஃப்ரீயா இருக்கு, அதுக்கு போய் காசு குடுக்காதீங்க.

புக்கை வாடகைக்கு எடுத்தா திருப்பி குடுக்கற தேதியும், உள்ள அடிக்கோடு போட்டா அபராதம் உண்டாங்கறதும் முதல்லயே படிச்சுடுங்க.

விக்கறதா இருந்தா பென்சில்ல மட்டும் எழுதுங்க. செமஸ்டர் முடிஞ்ச அன்னிக்கு எல்லாரும் விப்பாங்க, விலை விழுந்து கெடக்கும், அடுத்த பேட்ச் வந்து தேடற நேரத்துல வித்தா நல்ல ரேட் வரும். புது எடிஷன் வரப்போகுதுன்னு காதுல விழுந்தா மட்டும் காத்திருக்காம தள்ளிவிட்டுடுங்க. அப்பறம் கால்குலஸ் மாதிரி புக்கெல்லாம் ரெண்டு மூணு செமஸ்டருக்கு ஒண்ணே ஓடும், அடுத்த செமஸ்டர் சிலபஸ பாத்துட்டு வில்லுங்க.