வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறதா? அலைன்மென்டுக்குப் போகும் முன் இதைச் செய்து பாருங்கள்

ஸ்டியரிங்கை நேராகத்தான் பிடித்திருக்கிறீர்கள். ஆனாலும் வண்டி மெல்ல ஒரு பக்கம் ஒதுங்குகிறது. யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான்: "அலைன்மென்ட் பார்த்துடுங்க." சக்கரங்கள் நிற்கும் கோணத்தை மெஷினில் அளந்து திருத்துவதுதான் அது. நானும் அப்படித்தான் போனேன், ஒருமுறை அல்ல, இரண்டு முறை. இரண்டு முறையும் ரிப்போர்ட்டில் எல்லாக் கட்டமும் பச்சை, அதாவது எல்லாம் அனுமதித்த அளவுக்குள். வண்டி மட்டும் இடது பக்கமே போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேறு வழியில்லாமல், முன் டயர்கள் இரண்டையும் இடம் மாற்றிப் போட்டேன். இழுப்பு வலது பக்கம் போய்விட்டது! அத்தனை நாளும் கோளாறு டயரில்தான் இருந்திருக்கிறது.

அதனால் காசில்லாமல் நீங்களே பார்க்கக்கூடியதை முதலில் பாருங்கள், மெஷினைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எச்சரிக்கை மட்டும்: நேற்றுவரை நேராக ஓடிய வண்டி இன்று திடீரென்று பலமாக இழுத்தால் சோதனை ஓட்டமெல்லாம் வேண்டாம். ஓரம் கட்டி நிறுத்துங்கள். பஞ்சராக இருக்கலாம், டயர் வீங்கியிருக்கலாம், பிரேக் இறுகியிருக்கலாம், அடியில் ஏதாவது உடைந்தும் இருக்கலாம்.

முதல் படி: எப்போது இழுக்கிறது?

பாதிப் பதில் இந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும். சீராக ஓடும்போது எந்நேரமும் இழுக்கிறதா? பிரேக் மிதிக்கும்போது மட்டுமா? ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது மட்டுமா? ஒரு வளைவில் திரும்பி வந்தபின், திரும்பிய பக்கமே போகப் பார்க்கிறதா? நான்குக்கும் காரணம் வேறு வேறு. கைபேசியில் ஒரு வரி குறித்து வைத்துக்கொள்ளுங்கள்; மெக்கானிக்கிடம் சொல்லும்போது உதவும்.

இன்னொன்றையும் பிரித்துப் பாருங்கள். வண்டி நேராகவே போகிறது, ஸ்டியரிங் மட்டும் கோணலாக நிற்கிறது என்றால் அது இழுப்பு அல்ல. அது பெரும்பாலும் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரங்களின் முன்முனை உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சிக்கல், அலைன்மென்டிலேயே சரியாகும்.

இரண்டாம் படி: சாலை உங்களை ஏமாற்றுகிறதா?

மழைநீர் வடிவதற்காகச் சாலையின் நடுப்பகுதியைச் சற்று மேடாகவும் ஓரங்களைத் தாழ்வாகவும் போடுவார்கள். அதனால் நல்ல வண்டிகூட ஓரத்துப் பக்கம் லேசாகச் சரியும். சமதளமான, அகலமான, ஆள் நடமாட்டம் இல்லாத இடம் தேடுங்கள். லேன் அசிஸ்ட் வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். அதுவும் ஸ்டியரிங்கைத் திருப்பும். 50 கிலோமீட்டர் வேகத்தில் பிடியைத் தளர்த்திப் பாருங்கள், ஆனால் கையை எடுக்க வேண்டாம். பிறகு அதே இடத்தில் எதிர்த்திசையில் ஓட்டுங்கள். வண்டி இப்போது மறுபக்கம் போனால் தரைச் சரிவோ வீசும் காற்றோதான் காரணம். இரண்டு திசையிலும் ஒரே பக்கம் இழுத்தால் வண்டியில்தான் வேலை இருக்கிறது.

மூன்றாம் படி: டயரில் காற்று

சலிப்பாக இருந்தாலும் தவிர்க்காதீர்கள். வண்டி குறைந்தது மூன்று மணி நேரம் நின்றபின், டயர் குளிர்ந்திருக்கும்போது நான்கிலும் பாருங்கள். சரியான அளவு பெரும்பாலும் ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அந்த டயர் தாங்கும் உச்ச அளவு, அதை வைத்து நிரப்பக் கூடாது. முன் டயர்களில் எதில் காற்றுக் குறைவோ, வண்டி அந்தப் பக்கம் இழுக்கும்.

நான்காம் படி: டயரைத் தடவிப் பாருங்கள்

கண்ணைவிட உள்ளங்கை நன்றாகச் சொல்லும். கம்பி, ஆணி எதுவும் நீட்டிக்கொண்டிருக்கவில்லை என்று பார்த்துவிட்டு, டயரின் மேற்பரப்பில் குறுக்காக, உள்ளிருந்து வெளியே ஒருமுறையும் வெளியிலிருந்து உள்ளே ஒருமுறையும் தடவுங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் மறு திசையில் ரம்பப் பல் போலவும் பட்டால் டோ சரியில்லை. ஒரு விளிம்பு மட்டும் மழுங்கியிருந்தால் கேம்பரையும் (முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் அளவு) சந்தேகப்படுங்கள். பக்கச் சுவரில் கொப்புளம் போல வீக்கம் இருந்தால் அந்த டயரோடு இனி ஓட்ட வேண்டாம். முன்னால் ஒரு பக்கம் புதிது, மறுபக்கம் தேய்ந்தது என்று ஜோடி சேராத டயர்கள் இருந்தாலும் இழுக்கும்.

ஐந்தாம் படி: முன் டயர்களை இடம் மாற்றுவது

என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் உருப்படியான சோதனை இதுதான். ஒரு பேப்பர் கப்பைத் தரையில் படுக்கவைத்து உருட்டிப் பாருங்கள். நேராகப் போகாது, சுற்றி வளைந்துதான் வரும். தயாரிப்பில் உள் அடுக்குகள் மிகச் சிறிய அளவில் விலகிவிட்டால் டயரும் இப்படித்தான் உருளும். வெளியே பார்த்தால் தெரியாது. அலைன்மென்ட் மெஷினுக்கும் தெரியாது, அது சக்கரத்தின் கோணத்தை மட்டுமே அளக்கிறது.

ஒரே ஒரு ஜாக்கியை வைத்தே மாற்றலாம். சமதளத்தில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்கு முட்டுக் கொடுங்கள். நட்டுகளை வண்டி தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்திவிட்டுப் பிறகு தூக்குங்கள். இடது முன் சக்கரத்தைக் கழற்றி அங்கே ஸ்டெப்னியை மாட்டி இறக்குங்கள். வலது பக்கம் தூக்கி, கழற்றி வைத்த இடது சக்கரத்தை அங்கே மாட்டுங்கள். கடைசியாக ஸ்டெப்னியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வலது சக்கரம். நட்டுகளைச் சுற்று வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக இறுக்க வேண்டும்.

டயரில் சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி இருந்தால் இடது வலது மாற்றாதீர்கள். அதற்குப் பதில் ஒரே பக்கத்தில் முன்னதைப் பின்னுக்கும் பின்னதை முன்னுக்கும் மாற்றிப் பாருங்கள். முன்னும் பின்னும் வேறு அளவு டயர் என்றால் அதுவும் கூடாது.

மறுபடி அதே இடத்தில் ஓட்டுங்கள். இழுப்பு மறுபக்கம் மாறினாலோ மறைந்துவிட்டாலோ காரணம் டயர். மாறாமல் அதே பக்கம் இழுத்தால் முன் டயர்கள் மேல் பழியில்லை, அடுத்ததுக்குப் போகலாம்.

ஆறாம் படி: பிரேக்

இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு தயங்கினால் வண்டி அந்த மாட்டின் பக்கமே திரும்பும். பிரேக்கும் அப்படித்தான். காலை எடுத்த பிறகும் ஒரு சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தால் வண்டி எந்நேரமும் அந்தப் பக்கம் இழுக்கும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் இழுக்கிறது என்றால் தலைகீழாகவும் யோசிக்க வேண்டும்: வலது பக்கம் இழுத்தால், இடது பிரேக் சரியாகப் பிடிக்காமலும் இருக்கலாம்.

10 நிமிடம், முடிந்தவரை பிரேக் மிதிக்காமல் ஓட்டி, மெதுவாக நிறுத்துங்கள். ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் புறங்கையைக் கொண்டுபோங்கள். டிஸ்க்கைத் தொட்டுவிடாதீர்கள், சுட்டுவிடும். ஒரு சக்கரத்தில் மட்டும் அனல் அடித்தாலோ கருகல் வாடை வந்தாலோ காலிப்பர் (பிரேக் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) இறுகியிருக்கலாம், அது நகரும் பின் கம்பிகள் துருவேறியிருக்கலாம், பிரேக் ஆயில் வரும் ஹோஸ் குழாய் உள்ளே அடைத்திருக்கலாம். பிரேக்கில் கை பழகாதவர்கள் இதோடு நிறுத்தி மெக்கானிக்கிடம் விடுவது நல்லது.

ஏழாம் படி: மீதி

வளைவில் திரும்பிய பக்கமே வண்டி போகப் பார்த்தால் மேலே ஸ்ட்ரட் மவுன்ட் பேரிங் (முன் ஷாக் அப்சார்பரின் மேல்முனை சுழல உதவுவது) அல்லது ஸ்டியரிங் இணைப்பு ஏதோ இறுகியிருக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தினால் மட்டும் இழுப்பது முன்சக்கர இயக்க வண்டிகளில் லேசாக இருப்பது இயல்புதான். புதிதாக வந்திருந்தால் மட்டும் புஷ்களை (இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உறைகள்) பார்க்கச் சொல்லுங்கள். சக்கரத்தைத் தாங்கும், திருப்பும் இணைப்புகளான கன்ட்ரோல் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், டை ராட் எண்ட் இவற்றில் ஆட்டம் இருக்கும்வரை அலைன்மென்ட் செய்வது வீண்.

இப்போது அலைன்மென்டுக்குப் போங்கள்

ரிப்போர்ட்டின் பச்சையைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அனுமதித்த அளவு மைனஸ் 1 முதல் 0 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். இடது கேம்பர் 0, வலது மைனஸ் 1 என்றால் இரண்டுமே பச்சைதான், ஆனால் வண்டி இடது பக்கம் இழுக்கும். கேம்பரில் பிளஸ் பக்கம் எது அதிகமோ அங்கே இழுக்கும். காஸ்டரில் (பக்கவாட்டில் பார்த்தால் சக்கரம் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் அளவு) எது குறைவோ அங்கே இழுக்கும். அதனால் இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கேளுங்கள். பல வண்டிகளில் முன்னால் டோவை மட்டுமே திருத்த முடியும். அப்படிப்பட்ட வண்டியில் கேம்பர் விலகியிருந்தால் ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது என்று பொருள். எலக்ட்ரிக் பவர் ஸ்டியரிங் என்றால் வேலை முடிந்ததும் ஸ்டியரிங் சென்சாரின் நடுநிலையையும் சரிபார்க்கச் சொல்லுங்கள்.

என்னுடைய அந்த டயரைப் பின்னால் மாற்றிவிட்டேன், அங்கே இழுப்பு தெரியவில்லை. சக்கரங்களை மாற்றியவர்கள் 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்கம் பார்த்துவிடுங்கள். நான் மறந்து, மூன்றாம் நாள் பார்த்தபோது ஒன்று அரைச்சுற்று இறுகியது.