கண்ணாடியில் ஏறிய பச்சைக் களிம்பு

சென்னை வெயிலில் என் மெட்டல் பிரேம் கண்ணாடியின் நோஸ் பேடைச் சுற்றிப் பச்சையாக ஏதோ படிய ஆரம்பித்தது. பித்தளைக் குத்துவிளக்கில் ஏறுமே, அதே களிம்புதான். பிரேமில் கலந்திருக்கும் செம்பு வியர்வை உப்போடு சேர்ந்தால் இப்படி ஆகும். கடைக்காரர் புது பிரேம் வாங்கச் சொன்னார். அவர் சொல்லத்தான் செய்வார்!

வாட்ச் ரிப்பேருக்கான குட்டி ஸ்க்ரூடிரைவரால் பேடுகளைக் கழற்றினேன். கீழே வெள்ளைத் துணி விரித்துக்கொள்வது முக்கியம். அந்த ஸ்க்ரூ தரையில் விழுந்தால் தேடிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, பேடைத் தாங்கும் கம்பியைப் பழைய டூத்பிரஷால் தேய்த்தேன். பச்சை பெயர்ந்து வந்துவிட்டது. பிரஷ் லென்ஸில் படாமல் பார்த்துக்கொண்டேன். பழைய பேடுகள் மஞ்சளாகி இறுகிப் போயிருந்ததால் புது சிலிக்கோன் ஜோடி மாட்டினேன். விலை சொற்பம்தான்.

லென்ஸுக்கு முதலில் குழாய்த் தண்ணீர், அப்புறம்தான் துணி. தூசியோடு துடைத்தால் அந்தத் தூசியே கீறும். கொதிநீரும் வினிகரும் வேண்டாம், கோட்டிங் கெட்டுவிடும். துடைக்கிற மைக்ரோஃபைபர் துணியையும் அவ்வப்போது சோப்புப் போட்டு அலசிக் காயவைக்கிறேன்.