நப்பின்னை என்று பெயர் வைக்கப் போகிறீர்களா?

என் தங்கை மகளுக்குக் குடியாத்தத்தில் பெண் பிறந்தது மார்கழி மாதம், அனுஷ நட்சத்திரம். ஜோசியர் வீட்டிலிருந்து ந, நி, நு, நே என்று நான்கு எழுத்து எழுதிய சீட்டு வந்தது. நந்தினி, நிவேதா, நித்யா எல்லாம் தெருவுக்கு நான்கு பேர் இருக்கிறார்கள், நம் பெண்ணுக்கு யாரும் வைக்காத பெயர் வேண்டும் என்று குழந்தையின் அப்பா பிடிவாதம் பிடித்தான். விடியற்காலையில் பெருமாள் கோயில் ஒலிபெருக்கியில் திருப்பாவையின் பதினெட்டாம் பாட்டு, ‘நந்தகோபாலன் மருமகளே நப்பின்னாய்’ என்று வந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான். மாலையில் ஒரு தாளுடன் என்னிடம் வந்தான். “பெரியம்மா, நீங்கள் தமிழாசிரியையாக இருந்தவர். இது சரியா என்று பாருங்கள்.” தாளில் ‘நப்பின்னாய்’ என்று எழுதியிருந்தது.

முதல் தவறு அதுதான். ‘நப்பின்னாய்’ பெயர் இல்லை, அழைப்பு. ஐகாரத்தில் முடியும் பெயர் விளிக்கும்போது ‘ஆய்’ என்று திரியும். அன்னை அன்னாய் ஆவாள், நங்கை நங்காய் ஆவாள். கண்ணனின் மனைவி நப்பின்னையை ஆண்டாள் வாசலில் நின்று எழுப்புகிறாள், அதனால் ‘நப்பின்னாய்’ என்கிறாள். அடுத்த பாட்டிலேயே ‘கொத்தலர் பூங்குழல் நப்பின்னை’ என்று பெயர் அதன் இயல்பான உருவில் வருகிறது. பாட்டிலிருந்து பெயர் எடுப்பவர்கள் ஒரே வரியோடு நின்றுவிடாமல் அடுத்த பாட்டையும் படிப்பது நல்லது. பதிவேட்டில் ‘நப்பின்னாய்’ என்று ஏறிவிட்டால், வாழ்நாள் முழுக்க அவளை யாரோ கூப்பிட்டுக்கொண்டே இருப்பது போலாகிவிடும்.

அடுத்தது பொருள். கைப்பேசியில் தேடினால் ஆளுக்கொரு பொருள் சொல்கிறார்கள். ‘ந’ என்றால் வடமொழியில் ‘இல்லை’, ஆகவே ‘பின்னால் இல்லாதவள், என்றும் முன்னால் நிற்பவள்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தப்பு. இந்த ‘ந’ தமிழில் சிறப்புப் பொருள் தரும் இடைச்சொல். கீரன் நக்கீரன் ஆனதும், செள்ளை நச்செள்ளை ஆனதும், கண்ணை நக்கண்ணை ஆனதும் இதனால்தான். சங்கப் புலவர் பட்டியலைப் பாருங்கள். பதிற்றுப்பத்தில் ஆறாம் பத்தைப் பாடிய காக்கைபாடினியார் நச்செள்ளையார், மாறோக்கத்து நப்பசலையார், பெருங்கோழிநாய்கன் மகள் நக்கண்ணையார் என்று பெண்பாற் புலவர்களே மூன்று பேர் அந்த எழுத்தைச் சூடி நிற்கிறார்கள். ‘ந’ வந்தால் அடுத்த வல்லெழுத்து இரட்டிக்கும் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எண் கணிதக்காரரிடம் போகும்போது அது தேவைப்படும்.

‘பின்னை’க்கு அகராதியைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது ‘பிறகு, அப்புறம்’ என்ற பொருள். குழந்தையின் அத்தை அதைப் பார்த்துவிட்டு, “அப்புறம் என்று யாராவது பெயர் வைப்பார்களா?” என்று சிரித்தாள். கொஞ்சம் கீழே இறங்கியிருந்தால் ‘தங்கை’ என்ற பொருளும், மூதேவிக்கு இளையவளான ‘திருமகள்’ என்ற பொருளும் கிடைத்திருக்கும். எங்கள் வீட்டில் இந்தச் சந்தேகத்தைத் தீர்த்தது அகராதி அல்ல, நானும் அல்ல. எதிர் வீட்டில் தெலுங்கு பேசும் அம்மாள் ஒருவர் இருக்கிறார். சித்தூர் எல்லை பக்கத்தில் இருப்பதால் எங்கள் பக்கம் தெருவுக்குப் பாதி வீடு தெலுங்கு வீடு. பெயரைக் கேட்டதும் அவர், “பின்னி மாதிரி இருக்கிறதே, நாங்கள் சித்தியை அப்படித்தான் கூப்பிடுவோம்” என்றார். அம்மாவின் தங்கை அவர்களுக்குப் பின்னி, சின்னது என்பதற்குப் பின்ன. எல்லையைத் தாண்டினால் இன்றும் வீட்டுக்குள் புழங்கும் சொல்லின் உறவுக்காரிதான் நம் பின்னை. நப்பின்னை என்றால் நல்ல இளையவள், சிறப்புக்குரிய இளையவள்.

மூத்த பெண்ணுக்கு இளையவள் என்று பேர் வைக்கலாமா என்று கேட்டார்கள். எங்கள் ஆயாவின் பெயர் சின்னம்மாள். ஏழு பிள்ளைகளில் அவர்தான் மூத்தவர்.

ராதையின் தமிழ்ப் பெயர்தான் நப்பின்னை என்று சொல்பவர்களும் உண்டு. இதை ஒப்புக்கொள்ளாதீர்கள். ராதையைப் பெரிதாகப் பாடிய ஜயதேவர் 12ஆம் நூற்றாண்டுக்காரர். திருப்பாவை அதற்கு நூற்றாண்டுகள் முந்தியது. அதில் ராதையே இல்லை. ஆண்டாளுக்கு நப்பின்னை நந்தகோபரின் மருமகள், முறையாக வீட்டுக்கு வந்தவள். அவளை மணக்கக் கண்ணன் ஏழு காளைகளை அடக்கினான் என்று ஆழ்வார்கள் பாடுகிறார்கள். வைணவ ஆசாரியர்கள் அவளைத் திருமாலின் தேவியரில் ஒருத்தியான நீளாதேவி என்பார்கள். சிலப்பதிகாரத்தில் வரும் பின்னை எனக்கு இன்னும் பிடித்தவள். ஆயர் பெண்கள் ஆடும் ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களை ஏழு சுரங்களாக நிறுத்தும்போது, முதல் சுரமான குரலை மாயவன், அதாவது கண்ணன் என்றும், இளியைப் பலதேவன் என்றும், துத்தத்தைப் பின்னை என்றும் சொல்கிறார்கள். குரலுக்கு அடுத்த சுரம் துத்தம். பெயருக்கு இசையில் இப்படி ஓர் இடம் இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்!

இந்தப் பெயர் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அமெரிக்காவில் சமூகப் பாதுகாப்பு நிர்வாகம் ஆண்டுதோறும் குழந்தைப் பெயர்களை எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. ஐந்து பேருக்கும் குறைவாக உள்ள பெயர் அந்தப் பட்டியலில் வராது. நம் நாட்டில் அப்படிப் பெயர்வாரியாக எண்ணி வரிசைப்படுத்தும் அரசுப் பட்டியல் வெளியாவதில்லை. ஆகவே ‘இந்தியாவில் இத்தனையாவது இடம்’ என்று வலைப்பக்கம் எதுவும் சொன்னால் நம்பாதீர்கள். வேலூரில் நாற்பது ஆண்டு வருகைப் பதிவேடு கூப்பிட்டவள் நான். வள்ளிகளும் அமிர்தவல்லிகளும் கெங்கம்மாள்களும் வந்துபோனார்கள், ஒரு நப்பின்னை கூட என் வகுப்பில் உட்காரவில்லை. ஆனால் ஒரு பெயர் சினிமாவில் வந்துவிட்டால் மூன்றே ஆண்டில் பள்ளியில் அதே பெயரில் ஐந்து பேர் நிற்பார்கள். அபூர்வத்துக்காக மட்டும் ஒரு பெயரை வைப்பவர்கள் அதையும் யோசித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது எண் கணிதம். ஆங்கிலத்தில் என், ஏ, பி, பி, ஐ, என், என், ஏ, ஐ என்று ஒன்பது எழுத்து. நம் ஊர் எண் கணிதக்காரர்கள் வழக்கமாகப் போடும் கணக்கில் கூட்டினால் 35, அதாவது 8. எட்டு என்றால் சனி, போதாதா? தகப்பன் முகம் வாடிவிட்டது. ஒரு ‘பி’யை எடுத்துவிட்டால் 27, அதாவது 9, மிக நல்ல எண் என்று பரிகாரமும் சொல்லி அனுப்பினார்கள். அந்த ஒரு ‘பி’ போனால் ‘ந’வுக்குப் பின் வல்லெழுத்து இரட்டிக்கும் முறை போகிறது. பெயர் நபின்னை என்று பொருளில்லாத ஓசையாகிவிடுகிறது. எண்ணுக்கு ஆசைப்பட்டு ஈராயிரம் ஆண்டுப் பழமையான இலக்கணத்தை விற்காதே என்று சண்டை போட்டேன். இந்தச் சண்டையில் மட்டும் நான் ஜெயித்தேன்.

ஆங்கில எழுத்துக் கூட்டை ஒரே மாதிரி வைத்துக்கொள்வதும் முக்கியம். பிறப்புச் சான்றிதழில் தமிழும் ஆங்கிலமும் இருக்கும், இரண்டையும் எழுத்தெண்ணிப் பார்த்த பிறகே வாங்குங்கள். பிற்பாடு ஓர் அடையாள அட்டைக்குப் பதியப் போனபோது, ஆங்கில எழுத்திலிருந்து கணினி தானாகத் தமிழாக்கிக் காட்டியது: ‘நாப்பின்னாய்’. மறுபடியும் அந்த விளி! பக்கத்தில் நின்று திருத்தச் சொல்லாவிட்டால் அப்படியே அச்சாகியிருக்கும்.

செல்லப்பெயரை யாரும் யோசிப்பதில்லை. முதல் வாரமே வீட்டில் ‘நப்பி’ என்று ஆரம்பித்துவிட்டார்கள். ஆங்கிலப் பள்ளிக்குப் போகும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு அது குழந்தைக்குக் கட்டும் நாப்பியாகக் கேட்டது. சிரித்த சிரிப்பில் நாங்கள் விழித்துக்கொண்டோம். சிலப்பதிகாரமே ‘பின்னை’ என்று சுருக்கித்தான் கூப்பிடுகிறது, அது இருக்க நமக்கு எதற்கு நப்பி?

அவசரப்பட வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும், ஆனால் பெயர் இல்லாமலும் பதியலாம். 12 மாதத்துக்குள் பெயரைக் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகு 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை முதல் பாஸ்போர்ட் வரை பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம் என்பதால், அதில் பிழை இருந்தால் இடம் இடமாக அது கூடவே வரும். எங்கள் வீட்டில் பெயர் சேர்க்க ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை எல்லோருக்கும் அவள் ‘பாப்பா’. எதிர் வீட்டு அம்மாள் மட்டும் முதல் நாளிலிருந்தே பின்னி என்றுதான் கூப்பிடுகிறார். நாங்களும் திருத்தவில்லை.