நுண்தூண் சில்லில் வெள்ளணுக்களைப் பிரித்தல்: ஆய்வகத்தின் புதிய உறுப்பினர்களுக்கு

2004-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட இம்முறையில், சில்லு எனப்படும் சிறு தகட்டினுள் ஓட்டத்திசைக்குச் சற்றுச் சாய்வாக அடுக்கப்பட்ட நுண்தூண்களிடையே திரவம் பாயும்போது, ஒரு வரம்பு விட்டத்தைவிடப் பெரிய துகள்கள் வரிசைதோறும் பக்கவாட்டில் தள்ளப்படுகின்றன. சிறியவை ஓட்டத்தோடு நேரே செல்கின்றன. இரத்தத்தில் வெள்ளணுக்கள் பக்கவாட்டில் விலகி, சிவப்பணுக்கள் நேரே செல்வதே நாம் வேண்டுவது.

முதலில் வரம்பைக் கணக்கிடுங்கள். தூண்களின் இடைவெளியை 1.4-ஆலும், சாய்வு விகிதத்தின் (ஒரு வரிசை முந்தையதிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்துள்ள தொலைவை, அடுத்தடுத்த தூண்களின் மையங்களுக்கு இடையிலான தொலைவால் வகுத்தது) 0.48-ஆம் அடுக்காலும் பெருக்க வேண்டும். இடைவெளி 20 மைக்ரோமீட்டர், சாய்வு 0.05 எனில், வரம்பு ஏறத்தாழ 6.6 மைக்ரோமீட்டர். சிவப்பணுவின் விட்டம் ஏறத்தாழ 8 மைக்ரோமீட்டராக இருந்தும், அது 2 மைக்ரோமீட்டர் தடிமனே உள்ள நெகிழ்வான வட்டு என்பதால் சில்லினுள் சிறிய துகளைப் போலவே நகரக்கூடும். ஆகவே கணக்கை மட்டும் நம்பாமல், விட்டம் தெரிந்த பாலிஸ்டைரீன் மணிகளை ஓட்டி, அவை எந்த வெளிவாயில் சேர்கின்றன என்பதை நுண்ணோக்கியில் உறுதிசெய்த பின்னரே இரத்தத்தைத் தொடுங்கள்.

சோதனையை மிகுதியாகக் கெடுப்பது காற்றுக்குமிழியே என்பது என் உறுதியான கருத்து. தாங்கல் கரைசலை வெற்றிடத்தில் வைத்துக் காற்றை நீக்கி, சில்லை மெதுவாக நிரப்பி, அணுக்கள் சுவரில் ஒட்டாதிருக்க அல்புமின் கரைசலால் பூசுங்கள். உறைவெதிர்ப்பி சேர்த்து நீர்த்த இரத்தத்தை வடிகட்டிய பின் செலுத்துங்கள். அழுத்தத்தைக் கூட்டி நேரத்தை மிச்சப்படுத்த முயல வேண்டாம். சிலிக்கோன் சில்லு விரிந்தால் இடைவெளி மாறி, வரம்பும் மாறிவிடும்.