பழைய மடிக்கணினியே போதும்

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் கல்முனை, களுவாஞ்சிக்குடிப் பிள்ளைகள், கட்டணம் கட்டிப் படிக்கும் கணினிப் பயிற்சி நெறியைத் தேடி அலைவதற்கு முன்னர், வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் டெபியன் லினக்ஸ் என்ற இயங்குதளத்தை இலவசமாக நிறுவிக்கொள்ளலாம். முதலில், எழுத்தில் கட்டளையிட்டுக் கணினியை இயக்கும் கட்டளை வரியையும், கோப்புகளில் யார் எப்போது என்ன மாற்றினார் என்பதைப் பதிந்துவைக்க 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட் (Git) என்ற மென்பொருளையும் பழகுங்கள். சான்றிதழ் பின்னர் வரட்டும். அடுத்து, லிப்ரே ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருளைப் போல, மூல நிரலை எவரும் பார்த்துத் திருத்தக்கூடிய திறந்த மூல மென்பொருள் ஒன்றின் தமிழ் மொழிபெயர்ப்பிலோ பயன்பாட்டுக் கையேட்டிலோ கண்ணில் படும் பிழையொன்றைத் திருத்தி அனுப்புங்கள். அது ஏற்கப்பட்டால், செய்தவர் பெயரும் திகதியும் பொதுப் பதிவில் நிலைத்திருப்பதால், கொழும்பில் நேர்முகத் தேர்வு நடத்துபவரும் உங்கள் வேலையைத் தாமே திறந்து பார்க்க முடியும். முதல் திருத்தம் திருப்பி அனுப்பப்படுவது வழமைதான். கூறப்பட்ட காரணத்தை நிதானமாக வாசித்து, சீர்செய்து மீண்டும் அனுப்புங்கள்.