ஃபோம் பிளாக் போடுவது எப்படி? மெத்தைக்கும் பேக்கிங்குக்கும்

ஃபோம் (பாலியூரித்தேன்) போடுவது என்றால் இரண்டு வேதிவினைகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, இரண்டும் சேர்ந்து முடியும்படி பார்த்துக்கொள்வது. பாலியால், ஐசோசயனேட் என்ற இரண்டு திரவங்கள் சேர்ந்து இறுகுவது ஒன்று, அதே ஐசோசயனேட் தண்ணீரோடு சேர்ந்து கார்பன் டை ஆக்சைடை விட்டுக் கலவையைப் பொங்கவைப்பது இன்னொன்று. வாயு முந்திக்கொண்டால், அடுப்பை அணைத்த பால் மாதிரி பொங்கியதெல்லாம் இறங்கிவிடும். இறுக்கம் முந்தினால் வாயு வெளியேற வழியில்லாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டு, பிளாக் ஆறியதும் சுருங்கிக் கோணிவிடும். கீழே வருகிற கிராம் கணக்கெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்.

பெரிய ஆலைகளில் இது கன்வேயரில் நிற்காமல் ஓடும். சின்ன யூனிட்டுகளில் பெட்டிக்குள் பொங்கவிடும் பாக்ஸ் முறைதான், அதைத்தான் விரிவாகச் சொல்கிறேன்.

கணக்கை எப்போதும் பாலியால் 100 பங்கு என்று வைத்துத்தான் போடுவார்கள். மெத்தை ஃபோமுக்கு 3000 மூலக்கூறு எடை, ஹைட்ராக்சில் எண் (ஐசோசயனேட்டோடு சேரும் முனைகள் எவ்வளவு என்பதன் அளவு) 56 உள்ள பாலியால் (சென்னை மணலியிலேயே பாலியால் தயாராகிறது). தண்ணீர் 3 பங்கு, குமிழ்கள் உடையாமல் தாங்கும் சிலிகான் 1, வினையை வேகப்படுத்தும் கேட்டலிஸ்ட்டுகளான அமைன் 0.1, டின் (வெள்ளீயச் சேர்மம்) 0.2. டிடிஐ (இதில் போடுகிற ஐசோசயனேட்) எவ்வளவு என்பதை மட்டும் அடுத்தவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளாமல் நீங்களே போட்டுப் பாருங்கள், ஒன்றும் கஷ்டமில்லை. பாலியாலுக்கு 100 × 56 ÷ 56,100 (இது மாறாத எண்), அதாவது ஏறக்குறைய 0.1. தண்ணீருக்கு அதன் சமான எடை 9, அதனால் 3 ÷ 9, அதாவது 0.333. இரண்டையும் கூட்டி, டிடிஐயின் சமான எடையான 87-ஆல் பெருக்கினால் 37.7 வரும், அதற்கு மேல் 5% சேர்த்தால் 39.6 பங்கு. தண்ணீரை 4 ஆக்கினால் டிடிஐ 50 பங்கைத் தொட்டுவிடும், டென்சிட்டி (கன மீட்டருக்கு எத்தனை கிலோ) 30-ஐ ஒட்டி இருந்தது 25-க்கு அருகே இறங்கும். ஃபோமை லேசாக்குவது தண்ணீர்தான், ஆனால் சூட்டை ஏற்றுவதும் அதேதான்.

ஒரு கன மீட்டர் பிளாக்குக்கு, ஓரம் வெட்டுவதையும் சேர்த்து, பாலியால் 25 கிலோ, டிடிஐ 9.9 கிலோ, தண்ணீர் 750 கிராம், சிலிகான் 250 கிராம், அமைன் 25 கிராம், டின் 50 கிராம் என்று ஆரம்பிக்கலாம். கேட்டலிஸ்ட் அளவு வாங்குகிற பிராண்டைப் பொறுத்து மாறும், அதனால் முதலில் ஒரு பேப்பர் கப்பில் போட்டுப் பார்த்துவிட்டுப் பெரிய பேட்சுக்குப் போங்கள்.

டிடிஐ விஷயத்தில் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியாது. போபாலில் 1984-ல் கசிந்த மீத்தைல் ஐசோசயனேட்டும் இதே குடும்பம்தான். அது 39 டிகிரியில் கொதிக்கும், டிடிஐ 250 டிகிரியை ஒட்டி, அதனால் அந்த மாதிரி பரவாது. ஆனால் மூச்சுக்குழாய்க்கு ஒருமுறை இது ஒவ்வாமை ஏற்படுத்திவிட்டால் அப்புறம் கொஞ்சம் பட்டாலே ஆஸ்துமா வரும். வாசனை மூக்குக்குத் தெரிகிறது என்றால் பாதுகாப்பான அளவை ஏற்கெனவே தாண்டியாகிவிட்டது என்று அர்த்தம். எக்ஸாஸ்ட், சரியான ரெஸ்பிரேட்டர், கையுறை, கண்ணாடி எதுவுமில்லாமல் வீட்டு மொட்டை மாடியில் செய்து பார்க்கிற வேலை இல்லை இது. கொட்டினால் மணலோ மரத்தூளோ போட்டு, சோடா சாம்பல் கரைசல் ஊற்றி அள்ளுங்கள். அள்ளியதை இறுக்கி மூடக் கூடாது, வாயு சேர்ந்து வெடிக்கும். தண்ணீர் புகுந்த டிரம்மும் அப்படித்தான்.

இப்போது பாக்ஸ். பிளைவுட் பெட்டிக்கு உள்ளே பாலித்தீன் விரித்து, நடுவில் அடியில்லாத டிரம்மை அழுத்தி வையுங்கள். பாலியால், சிலிகான், தண்ணீர், அமைன் நான்கையும் டிரம்மில் ஒரு நிமிடம் நன்றாகக் கலக்குங்கள். டின்னைக் கடைசியில்தான் சேர்க்க வேண்டும், தண்ணீரோடு அதிக நேரம் இருந்தால் அது செத்துவிடும். உடனே டிடிஐயை மொத்தமாக ஊற்றி, ஐந்தாறு விநாடி வேகமாகச் சுழற்றிவிட்டு டிரம்மைத் தூக்கிவிடுங்கள். கலவை பால் நிறமாக மாறுவதுதான் கிரீம் டைம், பத்து விநாடியை ஒட்டி வரும், தயங்கினால் டிரம்முக்குள்ளேயே பொங்கிவிடும். மேலே மிதக்கும் மூடி வைத்தால் தலை குவியாமல் தட்டையாக எழும்பும். இரண்டு நிமிடத்துக்குள் முழுதாக எழும்பி, உச்சியில் சின்னச் சின்னக் குமிழாக மூச்சு விட்டு ஒரு விரற்கடை இறங்கினால் பேட்ச் நல்லது. சித்திரை வெயிலில் இதே ஃபார்முலா தறிகெட்டு ஓடும், கெமிக்கலை 22–25 டிகிரிக்குக் குளிரவைத்துவிட்டு ஆரம்பியுங்கள்.

வெட்டிப் பார்த்து உள்ளே குறுக்காக வெடிப்பு இருந்தால் டின்னைத் துளி கூட்டுங்கள். ஒரு துண்டை வாயில் வைத்து ஊதினால் காற்று போகவில்லையா, பிளாக் சுருங்குகிறதா, டின்னைக் குறையுங்கள். எழும்பி மொத்தமாக விழுந்தால் முதலில் சிலிகானைச் சந்தேகப்படுங்கள். நடுவில் மட்டும் மஞ்சள் பழுப்பு என்றால் சூடு. பிளாக்கின் மையம் 150 டிகிரியைத் தாண்டக் கூடியது, ஃபோமே வெப்பத்தை வெளியே விடாது, பல மணி நேரம் கழித்தும் தானாகத் தீப்பிடிக்கலாம். தண்ணீரை 4.5 பங்குக்கு மேல் ஏற்றாதீர்கள், புது பிளாக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், இடைவெளி விட்டு ஒரு நாள் முழுக்கத் தனியாக வையுங்கள்.

கனம் ஏற்ற சுண்ணாம்புப் பவுடர் கலப்பவர்கள் உண்டு. தராசில் 40 டென்சிட்டி காட்டும், ஆனால் சீக்கிரமே குழி விழும். என்னைக் கேட்டால் அது மெத்தை இல்லை.

பேக்கிங்குக்கு இரண்டு வழி. இதே பிளாக்கை வெட்டி மூலைக்கு வைப்பது ஒன்று. அதில் எல்லாரும் தடிமனை மட்டும் பார்ப்பார்கள், பரப்பையும் பார்க்க வேண்டும். சின்ன துண்டு என்றால் பொருளின் கனத்தில் முழுக்க நசுங்கி அடி நேராகப் பொருளுக்குப் போகும், ரொம்பப் பெரிய துண்டு என்றால் அமுங்கவே அமுங்காமல் அதுவும் அடியைக் கடத்தும். இன்னொன்று பெட்டியிலேயே ஊற்றுவது. இதற்கு டிடிஐ இல்லை, எம்டிஐ என்ற இன்னொரு ஐசோசயனேட். அதுவும் பாலியால் கலவையும் துப்பாக்கி முனையில் கலந்து வரும். அட்டைப் பெட்டியில் பாலித்தீன் விரித்து, கொஞ்சம் ஊற்றி, மேலே இன்னொரு ஷீட் மூடி, எழும்பும்போதே பொருளை வைத்துவிடுங்கள், அது தன் அச்சைத் தானே எடுத்துக்கொள்ளும். அப்புறம் மேலே ஒரு ஷீட் போட்டு மறுபடி ஊற்றிப் பெட்டியை மூடி அழுத்திப் பிடியுங்கள். அளவு கூடினால் பெட்டியே வீங்கும். ஷீட் கிழிந்தால் ஃபோம் பொருளில் ஒட்டிக்கொள்ளும், சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

கார் சீட் மாதிரி வடிவம் வேண்டுமென்றால் மெழுகு தடவிய சூடான அச்சில் ஊற்றி, ஐந்தாறு நிமிடத்தில் எடுத்து, உடனே உருளைக்கிடையில் நசுக்கி, உள்ளே மூடியிருக்கும் குமிழ் அறைகளைத் திறக்க வேண்டும். வெட்டி மிச்சமான துணுக்குகளைத் தூக்கிப் போடாதீர்கள், பொடியாக்கி எம்டிஐ பைண்டர் (ஒட்டும் பசை) தெளித்து, அமுக்கி நீராவி விட்டால் ரீபாண்டட் பிளாக். கனமான மெஷினை பேக் பண்ண இந்த ரீபாண்டட்தான் புது ஃபோமைவிடத் தோதாக இருக்கும்.